தளபதிக்கே இரண்டு பிறந்த தேதி!

ஒரே ஆள். ஒரே தலைமையகம். ஒரு பிரிவின் ஃபைலில் அவர் பிறந்தது 1951 மே 10. இன்னொரு பிரிவின் ஃபைலில் 1950 மே 10. இரண்டுமே அரசாங்க முத்திரை குத்தப்பட்ட ரெக்கார்டுகள்தான். ஆள் யார் தெரியுமா? பதினோரு லட்சத்துக்கும் அதிகமான வீரர்கள் கொண்ட இந்திய ராணுவத்தின் அன்றைய தலைமைத் தளபதி, ஜெனரல் வி.கே.சிங்!

பலருக்கு இந்தக் கதை நினைவிருக்கும். 1965ல், பதினாலு வயசில், தேசிய பாதுகாப்பு அகாடமிக்கு விண்ணப்பம் போடுகிறார். அதில் 1950 என்று விழுந்துவிட்டது. அது அன்று நடந்த எழுத்துப் பிழை என்பது அவர் தரப்பு. மெட்ரிகுலேஷன் சான்றிதழ் 1951 என்கிறது. ராணுவத் தலைமையகத்தில் அட்ஜுடன்ட் ஜெனரல் பிரிவு 1951 என்று வைத்திருக்கிறது. பதவி உயர்வைக் கவனிக்கும் மிலிட்டரி செக்ரட்டரி பிரிவு 1950 என்று வைத்திருக்கிறது. இரண்டும் பல வருஷம் சமாதானமாகக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. ஒருத்தர் ஃபைலை ஒருத்தர் எட்டிப் பார்க்கவே இல்லை.

விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்கே போனது. பதவியில் இருக்கும் ராணுவத் தளபதி ஒருவர் அரசாங்கத்தின் மீது கேஸ் போட்டது அதுதான் முதல் முறை. 2012 பிப்ரவரி 10ம் தேதி நீதிபதிகள் என்ன சொன்னார்கள்? இங்கே கேள்வி அவர் உண்மையில் எப்போது பிறந்தார் என்பதல்ல. அரசாங்கத்தின் சர்வீஸ் ரெக்கார்டில் எந்தத் தேதி ஏற்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி என்றார்கள். பதவி உயர்வுகளின்போது 1950ஐ ஏற்று அவரே கடிதம் கொடுத்திருந்தார் என்பதும் அவருக்கு எதிராக நின்றது. தளபதி மனுவை வாபஸ் வாங்கினார். அந்த வருஷம் மே 31ம் தேதி ஓய்வு பெற்றார்.

அவர் பக்கம் நியாயமா, அரசு பக்கம் நியாயமா என்று இப்போது பட்டிமன்றம் நடத்தப் போவதில்லை. அவர் பிறகு எம்.பி. ஆனார், மத்திய இணையமைச்சர் ஆனார், கவர்னரும் ஆகிவிட்டார். ஒரு வருஷத்தால் அவர் வீட்டில் அடுப்பு அணையவில்லை. என் கவலை வேறு. ரெக்கார்டுகளை வைத்திருக்கும் ராணுவத்துக்கே தலைவராக இருந்தவர், பெரிய வக்கீல்களை வைத்து வாதாடியும், ஒரு தேதியைத் திருத்த முடியவில்லை. அன்னூர் பக்கம் ஒரு தோட்டத்தில் ஓலைச் சாளைக்கு முன்னால் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் முன்னாள் ஹவில்தாருக்கு என்ன கதி?

வெறும் பேச்சாக இல்லாமல் கணக்காகவே பார்ப்போம். நான் படித்தது பி.காம். எங்கே பிழை என்றாலும் அது யார் கணக்கில் போய் விழுகிறது என்று பார்க்கிற புத்தி போகாது.

ஒரு ஜவானின் வாழ்க்கை ராணுவத்தில் எப்படிப் பதிவாகிறது? சேரும் அன்று ஷீட் ரோல் என்று ஒரு படிவம் திறக்கிறார்கள். பெயர், அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி, உடம்பில் மச்சம் எல்லாம் அதில் ஏறும். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் எது நடந்தாலும், கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு, ஆஸ்பத்திரி என்று எதுவானாலும், யூனிட் அலுவலகம் அதை ‘பார்ட் டூ ஆர்டர்’ என்று ஒரு உத்தரவாக வெளியிட வேண்டும். அந்த உத்தரவு ரெக்கார்ட் ஆபீஸ் போய்ச் சேர்ந்து, அங்கே ஷீட் ரோலில் ஏற வேண்டும். அப்போதுதான் ராணுவத்தைப் பொறுத்தவரை உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. ஊரைக் கூட்டிச் சீர் செய்து, மருதமலையில் மாலை மாற்றியிருந்தாலும் பார்ட் டூ ஆர்டர் வரவில்லை என்றால் நீங்கள் பிரம்மச்சாரிதான்!

இதை எழுதியது யார்? யூனிட் கிளார்க். அவர் ராஜஸ்தான்காரராக இருக்கலாம், பீகார்காரராக இருக்கலாம். எதிரே நிற்கிற கொங்கு நாட்டுப் பையன் வாயால் சொல்கிற பெயரைக் காதால் வாங்கி, மனசுக்குள் இந்தியில் எழுதிப் பார்த்து, இங்கிலீஷில் டைப் அடிக்கிறார். ‘பழனியம்மாள்’ என்ற பெயர் இந்த மூன்று மலை ஏறி இறங்கினால் என்னவாகும்? ‘பல்னி அமல்’ ஆகும். ‘மாராக்காள்’ என்று நம் பாட்டிமார்களுக்கு எவ்வளவு கம்பீரமான பெயர்! அது ‘மார்க்கல்’ ஆகிவிடும். ‘ராமாத்தாள்’ இரண்டாக உடைந்து ‘ராமா தால்’ என்று பருப்பு ஆகிவிடும்.

அந்த கிளார்க்கைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ‘ழ’ அவர் பாஷையில் இல்லை. எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராக இருந்தபோது அவர் பெயரையே இங்கிலீஷ் பத்திரிகைகள் இரண்டு மூன்று விதமாக எழுதிக்கொண்டிருந்தன. கொங்கு மண்டலத்தில் ஒரு பஸ்ஸில் ஏறி ‘பழனிசாமி’ என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். நாலு பேரும் இங்கிலீஷில் நாலு விதமாகக் கையெழுத்துப் போடுவார்கள்.

அடுத்தது இனிஷியல். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான். வடக்கே இருக்கிற படிவத்துக்கு இது புரிவதே இல்லை. சர்நேம் எங்கே என்று கேட்கும். சிலருக்கு அப்பா பெயரை விரித்துப் பின்னால் ஒட்டினார்கள். சிலருக்கு ஊர்ப் பெயரை ஒட்டினார்கள். பழைய ரெக்கார்டுகளில் சாதிப் பட்டம் ஒட்டியிருக்கும். ரேஷன் கார்டில் அது இருக்காது. ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் காணவே காணோம். ஆளென்னவோ ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு அவர் நாலு ஆள்.

பிறந்த தேதியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்தில் நம்மூரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் என்ன செய்வார்? வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் அஞ்சு வயசு. ஏதாவது ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டு எழுதிவிடுவார். அவருக்கு மட்டும்தான் இந்த சாமர்த்தியம் என்று நினைக்காதீர்கள். மத்திய அரசு விதியிலேயே உண்டு: வருஷம் மட்டும் தெரியும், தேதி தெரியாது என்றால் ஜூலை 1 என்று எழுது, மாதமும் தெரிந்தால் 16ம் தேதி என்று எழுது. அதாவது தேதி தெரியாதபோது அரசாங்கமே கற்பனை செய்யலாம், அது ஆவணம். நீங்கள் உண்மையான தேதியைக் கொண்டு வந்தால் அது சந்தேகத்துக்குரியது!

எழுத்துப் பிழையில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு.

பழனியம்மாள் என்று ஒரு அம்மா இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் சிக்னல்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, ஊரில் ஸ்பின்னிங் மில்லில் வாட்ச்மேனாக இருந்து காலமாகிவிட்டார். அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது. 2016 முதல் அமலுக்கு வந்த ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்கில் குறைந்தபட்ச அடிப்படை 9,000 ரூபாய். 2006 முதல் இன்னொரு நல்ல விதியும் இருக்கிறது. 80 வயது முடிந்தால் அடிப்படையில் 20 சதவீதம் கூடுதல். 85ல் 30 சதவீதம், 90ல் 40, 95ல் 50, நூறு வயது ஆனால் முழுசாக இன்னொரு மடங்கு.

80 முடிந்த பழனியம்மாளுக்கு மாதம் 1,800 ரூபாய் கூட வர வேண்டும். வருஷத்துக்கு 21,600. அஞ்சு வருஷத்தில் 1,08,000 ரூபாய். இது அகவிலைப்படி சேர்க்காத கணக்கு. ஆனால் கணவரின் பழைய பென்ஷன் ஆணையில் மனைவியின் பிறந்த தேதி என்ற இடம் காலியாக இருக்கிறது. அல்லது தப்பாக இருக்கிறது. தேதி இல்லாவிட்டால் 80 வயதும் இல்லை. ராணுவத்தின் பார்வையில் அந்த அம்மாவுக்கு வயசே ஆகாது! மார்க்கண்டேயனுக்குக் கிடைத்த வரம் மாதிரி. அவனுக்கு எமன் கயிறு வீசினான். இவருக்கு மருந்துக்கடைக்காரர் பில் வீசுகிறார்.

பெயர் தப்பாக இருந்தால் அதைவிட மோசம். கணவர் செத்த பிறகு குடும்ப பென்ஷனே தொடங்காது. 2003ல் தொடங்கிய முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டத்தின் கார்டு கிடைக்காது. ‘பேர் மேட்ச் ஆகலைம்மா’ என்று ஒரு பதில் வரும்.

‘நாப்பத்தஞ்சு வருசம் அவரோட பொழச்சிருக்கறேனுங்க சாமி. பேரு சேரலைன்னா அப்ப நானு ஆருங்க?’ என்று கேட்டால் அந்த கவுன்ட்டரில் இருப்பவர் என்ன சொல்வார்? அவரும் பாவம். ஸ்கிரீனில் சிவப்பு நிறத்தில் ஏதோ வருகிறது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

தேதியில் ஒரு எண் மாறினால் ஜவானுக்கே பென்ஷன் போய்விடும் என்பதும் உண்டு. சாதாரண ஜவானுக்கு சர்வீஸ் பென்ஷன் கிடைக்க 15 வருஷம் தகுதியான சர்வீஸ் வேண்டும். சேர்ந்த தேதி ஒரு வருஷம் தள்ளிப் பதிவாகியிருந்தால் பதினாலு ஆகிவிடும். பதினைந்து வருஷம் பனியில் நின்றவன், தாளில் பதினாலு வருஷம் நின்றவன் ஆகிறான்.

சரி, திருத்தலாம் என்று கிளம்புகிறீர்கள். எங்கே போவீர்கள்?

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருப்பது போலத் தோன்றும். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையமும் ரெக்கார்ட் ஆபீஸும் அங்கேதான். காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் திரும்பிவிடலாம். ஆனால் நம் ஆட்கள் எல்லோரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டிலா சேர்ந்தார்கள்? மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் ரெக்கார்டு பெங்களூரில். பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். வண்டி, மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஈ.எம்.ஈ. என்றால் செகந்திராபாத். மெடிக்கல் கோர் லக்னோ. டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர் கண்ணூர். விமானப்படை டெல்லி. சூலூரில் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டி உட்கார்ந்திருந்தாலும் ரெக்கார்டுக்கு டெல்லிதான். இது போக, ராணுவத்தாருக்கு பென்ஷன் ஆணை போடுகிற இடம் அலகாபாத். இப்போது பிரயாக்ராஜ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பாருங்கள், ஒரு ஊரின் பெயரையே மாற்ற முடிகிறது. பழனியம்மாளுக்கு ஒரு எழுத்து மாற்றுவதுதான் கஷ்டம்.

பெயரைத் திருத்த வேண்டுமென்றால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன்னால் அஃபிடவிட். பத்திரிகை விளம்பரம். ஆதார், பான், பாஸ்புக் நகல்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகக் கடிதம். இத்தனையும் எதற்கு? யூனிட் கிளார்க் டைப் அடித்த ஒரு பிழைக்கு. பத்திரிகை விளம்பரத்தில் அந்த அம்மா என்ன சொல்ல வேண்டும்? ‘பல்னி அமல் என்பவரும் பழனியம்மாள் என்பவரும் ஒருவரே’ என்று ஊருக்கு அறிவிக்க வேண்டும். அவர் என்ன, கடன்காரருக்கு பயந்து பேர் மாற்றித் திரிந்தவரா?

காலேஜில் எங்களுக்குக் கணக்குப் பிழைகளை வகை பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். விட்டுப்போனது, தப்பாக எழுதியது, அடிப்படையே தெரியாமல் எழுதியது என்று. எந்தப் பிழையானாலும் ஒரு விதி மாறாது: பேரேடு யாருடையதோ அவர்தான் திருத்தல் பதிவு போட வேண்டும். பேங்க் உங்கள் கணக்கில் ஆயிரம் ரூபாயைக் குறைத்து எழுதிவிட்டால், ‘நான் நல்லவன்’ என்று மாஜிஸ்திரேட்டிடம் போய் அஃபிடவிட் வாங்கி வா என்று சொன்னால் சும்மா இருப்பீர்களா? திருத்தும் வரை வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வைப்பார்கள். அந்த அனாமத்துக் கணக்கு வருஷக் கடைசியில் ஆடிட்டரின் கண்ணை உறுத்தும். இங்கே விதவைகளையே அனாமத்துக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். எந்த ஆடிட்டருக்கும் உறுத்தக் காணோம்.

இதில் உச்சகட்டம் ஒன்று இருக்கிறது. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருஷம்தான் வைத்திருப்பார்கள். அதன் பிறகு அழித்துவிடலாம் என்று ராணுவ ஒழுங்குமுறை சொல்கிறது. அதற்குப் பிறகு மிஞ்சுவது ‘லாங் ரோல்’ என்ற பெரிய பதிவேட்டில் ஒரு வரி. பென்ஷன் கேட்டு நீதிமன்றத்துக்கு யாராவது போனால் அரசுத் தரப்பு சொல்லும் வழக்கமான பதில் இதுதான்: விதிப்படி ஃபைல் அழிக்கப்பட்டுவிட்டது, ஆகவே மனுதாரர் தன் கூற்றை நிரூபிக்க வேண்டும். எதை வைத்து நிரூபிப்பார்? நீங்கள் அழித்த ஃபைலை வைத்துத்தானே நிரூபிக்க முடியும்!

இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேராகப் பெருகியது. போர் முடிந்ததும் பெரும்பாலானவர்களைக் கையில் ஒரு டிஸ்சார்ஜ் காகிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் இல்லை. 25 வருஷக் கணக்குப்படி எழுபதுகளின் தொடக்கத்திலேயே அவர்களுடைய ஃபைல்களின் ஆயுள் முடிந்துவிட்டது. பின்னாளில் தமிழக அரசு அவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாதாந்திர உதவித்தொகை கொடுக்க முன்வந்தபோது, பெட்டிக்குள் அந்தக் காகிதத்தைக் கரையானுக்குத் தராமல் காப்பாற்றியவர்கள் பிழைத்தார்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே இருந்தவர்களின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி அமெரிக்காவிலும் நடந்தது. அங்கே அழித்தது விதி அல்ல, தீ. 1973 ஜூலை 12ம் தேதி செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவ ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீரர்களின் ஃபைல்கள் சாம்பலாயின. கார்பன் காப்பி கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது. அதற்காக வீரர்களைப் பார்த்து ‘நீயே நிரூபி’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரவில்லை. சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரிப் பதிவு என்று வேறு எங்கெங்கோ கிடக்கும் காகிதங்களிலிருந்து அந்த ஃபைல்களை மறுபடி கட்டும் வேலையை அரசு அலுவலகமே எடுத்துக்கொண்டது.

அதைவிட முக்கியமானது அவர்கள் 1946லேயே போட்ட சட்டம். ராணுவ ரெக்கார்டில் உள்ள பிழையைத் திருத்தவும் அநீதியை நீக்கவும் என்றே தனி வாரியங்கள். ராணுவத்துக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று. உறுப்பினர்கள் யூனிஃபார்ம் போடாத சிவிலியன்கள். ஒரே ஒரு படிவம், 149ம் நம்பர். கெடு மூன்று வருஷம். அதுவும் பிழையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து. நியாயம் கோரினால் அந்தக் கெடுவையும் தளர்த்தலாம். அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், அங்கேயும் புலம்புகிறார்கள். ஆனால் போய்ப் புலம்புவதற்கு என்று ஒரு வாசல் இருக்கிறது.

நமக்கு என்ன வாசல்? பிழை செய்த ரெக்கார்ட் ஆபீஸிடமே மனு. அவர்கள் மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ல் சட்டம் வந்து 2009ல் செயல்படத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு பெஞ்ச் சென்னையில். கோவையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர். அது ஒரு கோர்ட். வக்கீல் வேண்டும், வாய்தா உண்டு, உறுப்பினர் பதவிகள் காலியாகி பெஞ்சுகள் முடங்கிக் கிடந்த காலங்களும் உண்டு. ‘பல்னி’யை ‘பழனி’ ஆக்க இவ்வளவு பெரிய பீரங்கியா?

எதிர்க்கேள்வி ஒன்று வரும். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ‘சார், கேட்டவுடன் திருத்திக் கொடுத்தால் எல்லோரும் ரிட்டயர்மென்ட்டுக்கு முந்தின நாள் வயசைக் குறைத்துக்கொண்டு வந்து நிற்பார்களே?’ வாஸ்தவம். அப்படி ஆசாமிகள் உண்டு. அதனால்தான் மத்திய அரசு ஊழியர்களுக்கு வேலையில் சேர்ந்த அஞ்சு வருஷத்துக்குள் பிறந்த தேதித் திருத்தம் கேட்க வேண்டும் என்று 1979ல் விதி வந்தது. சர்வீஸில் சேர்ந்து 35 வருஷம் கழித்து வந்த ஹர்னாம் சிங் என்பவரின் கோரிக்கையை 1993ல் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. அது சரியான தீர்ப்பு என்பதுதான் என் கட்சி. ஒருவர் நாற்காலியை விடாமல் உட்கார்ந்தால் பின்னால் நிற்பவரின் பதவி உயர்வு போகிறது.

ஆனால் பழனியம்மாள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்? அவர் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தினால் எந்த ஜெனரலின் பதவி உயர்வு தடைப்படும்? பதவியில் இருப்பவர் லாபத்துக்காகக் கேட்கும் திருத்தமும், ஓய்வு பெற்றவர் தான் தான்தான் என்று சொல்லக் கேட்கும் திருத்தமும் ஒன்றா? இரண்டையும் ஒரே சல்லடையில் சலிக்கிறார்கள். பெரிய திருடனுக்குப் போட்ட பூட்டில் வீட்டுக்காரியை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

நியாயம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. தரம்வீர் சிங் என்ற ஜவான் 1985ல் சிக்னல்ஸில் சேர்ந்தார். வலிப்பு நோய் வந்து, 20 சதவீத ஊனம் என்று 1994ல் அனுப்பப்பட்டார். நோய்க்கும் ராணுவ சேவைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி ஊன பென்ஷன் மறுக்கப்பட்டது. 2013 ஜூலை 2ம் தேதி சுப்ரீம் கோர்ட் சொன்னதன் சாரம் இதுதான்: சேரும்போது நீங்கள்தான் மெடிக்கல் செய்தீர்கள். அப்போது நோய் என்று ரெக்கார்டில் எதுவும் எழுதவில்லை. எனவே நல்ல உடம்போடுதான் வந்தான் என்றே கொள்ள வேண்டும். அப்படியில்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது அரசின் வேலை, ஜவானின் வேலை அல்ல. சந்தேகத்தின் பலன் ஜவானுக்கே. ரெக்கார்டை எழுதியவன்தான் ரெக்கார்டின் ஓட்டைக்குப் பொறுப்பு என்ற அதே தர்க்கம். நோய் விஷயத்தில் இதை ஏற்க முடியும் என்றால் பெயர் விஷயத்தில் ஏன் முடியாது?

கம்ப்யூட்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். வந்தது. ‘ஸ்பர்ஷ்’ என்று பெயர். நம் பாஷையில் ஸ்பரிசம், தொடுதல். முப்பது லட்சத்துக்கும் அதிகமான பாதுகாப்புத் துறை பென்ஷன்தாரர்களை ஒரே வலையில் கொண்டுவரும் திட்டம். யோசனை நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். பேங்க் பேங்க்காக நடந்த கணக்கு ஒரே இடத்துக்கு வருகிறது, பென்ஷன் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று தன் கண்ணால் பார்க்கலாம். ஆனால் பழைய காகிதத்தில் இருந்த பிழையெல்லாம் அப்படியே கம்ப்யூட்டருக்குள் குடிபெயர்ந்தது. காகிதத்தில் இருந்தவரை பேங்க் மேனேஜருக்கு முகம் தெரியும். ‘நம்ம மிலிட்டரிக்காரர் வீட்டம்மாதானே’ என்று கையெழுத்து வாங்கிப் பணம் கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டருக்கு முகதாட்சண்யம் கிடையாது. 2022 ஏப்ரல் மாத பென்ஷன் 58,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த மாதக் கடைசியில் வரவில்லை. வருடாந்திர அடையாளச் சரிபார்ப்பு முடியவில்லை என்பது காரணம். சத்தம் எழுந்த பிறகு மே 4ம் தேதி பணம் போட்டார்கள். சத்தம் போட்டால் நாலே நாளில் முடிகிறது என்றால், சத்தம் போடத் தெரியாதவர்களுக்கு எத்தனை நாளில் முடியும்?

கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் மனைவி பெயர்களில் உள்ள எழுத்து வித்தியாசங்களை, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலரே ஆளை நேரில் பார்த்து, ஆதாரைப் பார்த்து, ஊர்க்காரர் இருவரை விசாரித்துச் சான்று கொடுக்கட்டும். அந்தச் சான்று ஜபல்பூரிலும் நாசிக்கிலும் கேள்வி இல்லாமல் செல்லட்டும். அறுபது நாளில் பதில் இல்லை என்றால் திருத்தம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளட்டும். மனைவி பிறந்த தேதி காலியாக உள்ள ஆணைகள் எவை என்று கம்ப்யூட்டருக்கு ஒரு பட்டனில் தெரியும். அந்த வீடுகளுக்கு அரசாங்கமே ஆள் அனுப்பிக் கேட்டு எழுதட்டும். அரசே அழித்த ஃபைல் என்றால் நிரூபிக்கும் சுமை அரசின் தலையில் ஏறட்டும். அஃபிடவிட், விளம்பரச் செலவெல்லாம் பிழை எழுதியவர் கணக்கில் பற்று எழுதட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டுமென்றால் 543 எம்.பி.க்கள் இருக்கிறார்கள், கொடி நாளுக்குச் சட்டைப் பையில் கொடி குத்திக்கொள்பவர்கள்தானே எல்லோரும்.

அதுவரை வீட்டில் மிலிட்டரிக்காரர் இருக்கிற வாசகர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக் இருக்கும். பென்ஷன் ஆணையும் அதோடு இருக்கும். இரண்டையும் எடுத்து அம்மாவின் ஆதார் கார்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து சேருகிறதா, பிறந்த தேதி இருக்கிறதா, இனிஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். சேரவில்லை என்றால் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஸ்பீட் போஸ்டில் இந்த வாரமே எழுதுங்கள். சர்வீஸ் நம்பரை மறக்காதீர்கள், அந்த ஒன்றில்தான் பெரும்பாலும் பிழை இருக்காது. கையெழுத்துப் போட அப்பா இருக்கும்போதே எழுதுங்கள். அவர் இருக்கும்வரை அது ஒரு முன்னாள் வீரரின் திருத்த மனு. அவர் போன மறுநாள் அதே காகிதம், ‘நான் இன்னாரின் மனைவிதான்’ என்று ஒரு கிழவி கொடுக்கும் உரிமை மனு ஆகிவிடும்.